ஆக்சிஜனும் தேயும் சிறுநீரகமும்

நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பிய கேள்வி ஒன்று உண்டு. நோயைத் தொடங்கிவைத்த காரணம் நீங்கிய பின்னும், அல்லது பெருமளவு கட்டுக்குள் வந்த பின்னும், சிறுநீரகம் ஏன் தொடர்ந்து தேய்ந்துகொண்டே போகிறது என்பதே அந்தக் கேள்வி. கல்லால் வந்த அடைப்பு நீக்கப்படுகிறது, சர்க்கரை ஓரளவு அடங்குகிறது, சிறுநீரகத்தைத் தாக்கிய அழற்சி மருந்தால் தணிகிறது. ஆயினும் சில ஆண்டுகள் கழித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு பலருக்கு முன்னைவிட ஏறியே இருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் பழுதடைந்த சிறுநீரகம் வெளித் தூண்டுதல் ஏதும் இல்லாமலே தன் நோயைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பதை விலங்குச் சோதனைகளும் நோயாளிகளின் நீண்டகாலப் பதிவுகளும் காட்டியிருக்கின்றன. நோய் இவ்வாறு தன்னையே ஊட்டி வளர்க்கும் வழிகள் பல. அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றினூடும் ஓடும் இழை, உயிர்வேதியியலில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ எனப்படும் நிலை.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தோ, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிந்தோ, அந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன என்ற கணக்கை வைத்து அதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இளமையில் 90-க்கு மேல் இருக்கும் அந்த அளவு 15-க்குக் கீழே இறங்கும்போது டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு எழுகிறது. உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நிலையில் இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது, ஏனென்றால் பாதித் திறனை இழந்த பின்னும் இந்த உறுப்பு வலிப்பதில்லை.

ஆக்சிஜன் ஏன் பிற உறுப்புகளைவிடச் சிறுநீரகத்துக்கு இவ்வளவு ஆபத்தான நண்பனாக அமைந்தது என்பதை அறிய, அது செய்யும் வேலையின் அளவை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடையுள்ள இரண்டு உறுப்புகளும் சேர்ந்து உடல் எடையில் அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், அவற்றினூடே பாய்கிறது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது கிளாமருலஸ் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய் முடிச்சும் அதைத் தொடரும் நீண்ட நுண்குழலும் சேர்ந்த ஒரு தொழிற்கூடம். இரு சிறுநீரகங்களின் முடிச்சுகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது, அதோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பும் வடிகிறது. ஆனால் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் நீரும் சில கிராம் உப்பும் மட்டுமே. மீதி முழுவதையும் நுண்குழலின் செல்கள் மீட்டு இரத்தத்துக்குத் திருப்புகின்றன. உப்பிலுள்ள சோடியத்தை அணு அணுவாக இறைத்து மீட்கும் இந்த ஓயாத வேலைக்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டும், அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா என்பவை செல்லுக்குள் இருந்து உணவை எரித்து ஆற்றலாக்கும் நுண்ணுறுப்புகள். இதயத் தசைக்கு அடுத்தபடியாக அவை மிகவும் நெருக்கமாக அடைந்திருக்கும் இடங்களில் சிறுநீரக நுண்குழலும் ஒன்று.

இவ்வளவு இரத்தம் பாயும் உறுப்புக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை வராது என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறாக இருக்கிறது. வந்து சேரும் இரத்தத்தில் பெரும்பகுதி வடிகட்டும் வேலைக்காக வெளிப்பகுதியான புறணியிலேயே நின்றுவிட, சிறுநீரை அடர்த்தியாக்கும் உட்பகுதியான அகணிக்குச் சிறு பங்கே கிடைக்கிறது. புறணியில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அகணியில் அது 10 முதல் 20 வரைதான் இருக்கும். ஒரு குடம் தண்ணீரில் குடும்பம் நடத்தும் வீட்டைப் போல, அகணியின் செல்கள் நலமான உடலிலும் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வாழ்கின்றன. இரத்த ஓட்டம் சற்றே குறைந்தாலும் முதலில் அடிபடுபவை அவையே.

இனி ஆக்சிஜனின் வேதியியலுக்கு வரலாம். மைட்டோகாண்ட்ரியா உணவிலிருந்து எடுக்கும் எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்றி, இறுதியில் ஆக்சிஜனிடம் ஒப்படைத்து நீராக்குகின்றன. இந்தக் கைமாற்றத்தில் சிறு அளவு எலக்ட்ரான்கள் வழியிலேயே சிந்தி, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றில் ஒட்டிக்கொள்ளும்போது சூப்பர்ஆக்சைடு பிறக்கிறது. துணையில்லாத ஒற்றை எலக்ட்ரானைத் தாங்கி நிற்கும் இத்தகைய துகள்கள் ஃப்ரீ ரேடிக்கல்கள் எனப்படுகின்றன; அவை அடுத்திருக்கும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவோ அதனிடம் தள்ளிவிடவோ முனைகின்றன. சூப்பர்ஆக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். அது இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய ரேடிக்கலாகும். ஹைட்ராக்சில் தான் பிறந்த இடத்தைவிட்டு நகரக்கூட நேரமில்லாமல், அருகில் இருப்பது கொழுப்புச் சவ்வோ புரதமோ மரபணு இழையோ, அதைத் தாக்கிச் சிதைக்கும்.

சுவாசத்துக்கு இன்றியமையாத வாயுவே நஞ்சாகவும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எளிதில் ஏற்கப்பட்டதில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபெக்கா கெர்ஷ்மன் என்ற அம்மையார், மிகை ஆக்சிஜனால் வரும் கேடும் எக்ஸ் கதிர்வீச்சால் வரும் கேடும் ஒரே வழியில், ஃப்ரீ ரேடிக்கல்கள் வாயிலாக, நிகழ்கின்றன என்று 1954-இல் எழுதியபோது பலர் அதை ஐயத்தோடே பார்த்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் சூப்பர்ஆக்சைடை மட்டுமே அழிக்கும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியைக் கண்டறிந்த பின்னரே நிலைமை மாறியது. உடல் ஒரு பொருளை அழிக்கத் தனி நொதி வைத்திருக்கிறதென்றால் அந்தப் பொருள் உடலில் உண்டாகித்தானே ஆக வேண்டும்! ஆக்சிஜனேற்றத் துகள்கள் உண்டாகும் வேகத்துக்கும் அவற்றை அடக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான சமநிலை கெட்டுத் துகள்களின் கை ஓங்கும் நிலைக்கு, 1985-இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர் வைத்தார். இங்கு அழுத்தம் என்பது மன அழுத்தத்தையோ இரத்த அழுத்தத்தையோ குறிப்பதன்று. தராசின் ஒரு தட்டு தாழ்ந்துபோன நிலையையே அது குறிக்கிறது.

தராசு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்துகள்கள் முழுக்கத் தீயவை என்று கருதுவது பெரும்பிழை. அந்தப் பிழைக்கு மருத்துவ உலகம் கொடுத்த விலையைப் பின்னர் காணலாம். கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் இவற்றையே ஆயுதமாக்குகின்றன. செல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும், வரவிருக்கும் ஆபத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகவும் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவைப்படுகிறது. அடுப்புக்குள் இருக்கும் நெருப்பு சோறாக்கும், கூரையில் ஏறினால் குடிசையை எரிக்கும். எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நேரம் என்பவையே நன்மையையும் தீமையையும் முடிவு செய்கின்றன.

நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முதற்பெருங் காரணமான நீரிழிவில் நெருப்பு எப்படிக் கூரையேறுகிறது என்பதற்கு 2001-இல் நியூயார்க்கின் மைக்கேல் பிரவுன்லீ ஒரு விளக்கம் தந்தார். சர்க்கரை மிகும்போது சில செல்கள் தம் வாசலை அடைக்க மாட்டாமல் அதை உள்ளே விட்டுவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிபொருள் அளவுக்கு மீறிக் குவிய, சிந்தும் எலக்ட்ரான்களும் சூப்பர்ஆக்சைடும் பெருகுகின்றன. அந்தச் சூப்பர்ஆக்சைடு சர்க்கரையை உடைக்கும் வழக்கமான பாதையில் ஒரு நொதியை முடக்கிவிடுவதால், தேங்கிய சர்க்கரை வேறு நான்கு தீய பாதைகளில் திருப்பி விடப்படுகிறது. சிதறிக் கிடந்த பல கண்டுபிடிப்புகளை ஒரே கயிற்றில் கட்டிய அழகான கருத்து இது. ஆயினும் அதுவே முடிந்த முடிபு ஆகிவிடவில்லை. நீரிழிவு முற்றிய சிறுநீரகத்தில் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோய், அவை உண்டாக்கும் சூப்பர்ஆக்சைடு குறைந்தே இருக்கிறது என்று 2013-இல் கலிஃபோர்னியாவில் குமார் சர்மாவின் குழு எலிகளில் காட்டியது. அப்படியானால் அங்கே காணப்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் ஊற்று வேறெங்கோ இருக்க வேண்டும் என்று ஆகிறது.

அந்த வேறு ஊற்றுகளில் தலையாயது என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்னும் நொதிக் குடும்பம். மைட்டோகாண்ட்ரியாவில் துகள்கள் பிறப்பது சிந்தலால் என்றால், இந்நொதிகளுக்கோ துகள்களை உண்டாக்குவதே தொழில். இக்குடும்பத்தின் ஓர் உறுப்பினர் சிறுநீரகத்தில் மிகுந்து காணப்பட்டதால், 2000-இல் அது அறியப்பட்டபோது ‘ரெனாக்ஸ்’ என்று சிறுநீரகத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டது. இந்நொதிகளை முடுக்கிவிடும் கைகளில் வலுவானது ஆஞ்சியோடென்சின்-2 என்னும் ஹார்மோன். இரத்தக் குழாய்களை இறுக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனாகவே அது வெகுகாலம் அறியப்பட்டிருந்தது. குழாய்ச் சுவரின் செல்களில் அது ஆக்சிடேஸ்களைத் தூண்டிச் சூப்பர்ஆக்சைடைப் பெருக்குகிறது என்பது 1990-களில் தெரிய வந்தது. உயர் இரத்த அழுத்தமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் சிறுநீரகத்தில் கைகோக்கும் இடம் இதுவே.

இவ்வாறு பிறந்த சூப்பர்ஆக்சைடின் முதல் இரை பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. இரத்தக் குழாய்களின் உட்சுவர் சுரக்கும் இவ்வாயுவே குழாய்களைத் தளர்த்தி வைக்கிறது. அதன் பணியைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டும் சந்தித்தால், காக்கும் நொதி தலையிடுவதற்கு முன்பே ஒன்று கலந்து பெராக்சிநைட்ரைட் என்னும் புதிய நஞ்சாகின்றன. ஒரே நிகழ்ச்சியில் இரட்டை இழப்பு: குழாயைத் தளர்த்தும் பொருள் தீர்கிறது, புரதங்களைச் சிதைக்கும் பொருள் உண்டாகிறது. குழாய்கள் இறுகுவதால் ஏற்கெனவே விளிம்பில் வாழும் அகணிக்கு ஆக்சிஜன் மேலும் குறைகிறது.

கிளாமருலஸ் முடிச்சின் வெளிப்புறத்தைப் போடோசைட்டுகள் என்னும் செல்கள் விரல்களால் பின்னிப் பிடித்ததுபோல் மூடியிருக்கின்றன. புரதம் சிறுநீரில் நழுவிவிடாமல் தடுக்கும் கடைசி வேலி அவை. இழந்தால் மீண்டும் பெருகி நிரப்பும் வல்லமை அவற்றுக்கு ஏறக்குறைய இல்லை. ஆக்சிஜனேற்றச் சேதத்தால் அவற்றின் விரல்கள் சுருங்கி, செல்களும் பெயர்ந்து விழும்போது ஆல்புமின் கசியத் தொடங்குகிறது. கசிந்த புரதத்தை நுண்குழலின் செல்கள் விழுங்கிச் செரிக்க முயல்கின்றன. அளவு மீறிய அந்த உழைப்பே அவற்றுக்குள் ஆக்சிஜனேற்றத் துகள்களைப் பெருக்கி அழற்சிக்கு அழைப்பு விடுக்கிறது. அழற்சிக்கு வந்த வெள்ளணுக்கள் தம் பங்குக்கு மேலும் துகள்களை வெளியிட, புண் ஆறும்போது தழும்பு விழுவதுபோல நுண்குழல்களுக்கு இடையே நார்த்திசு படர்கிறது. நார் படர்ந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசிந்து மறைகின்றன. குழாய் மறைந்த இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்த செல் நாரைத் தூண்டும் சுரப்புகளை வெளியிடுகிறது. நாட்பட்ட ஆக்சிஜன் பற்றாக்குறையே சிறுநீரக நோய் முற்றுவதற்கான பொதுப்பாதை என்று 1998-இல் லண்டனைச் சேர்ந்த லியோன் ஃபைன் முன்வைத்த கருதுகோள் இந்தச் சுழற்சியையே மையமாகக் கொண்டது.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஆக்சிஜனேற்றம் எப்படி மிகும் என்று வாசகர் கேட்கக்கூடும், நியாயமான கேள்வி. எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் ஆக்சிஜன் போதாமல் போகும்போது கைமாற்றச் சங்கிலி தேங்கி, எலக்ட்ரான்கள் கண்ட இடத்தில் சிந்துகின்றன. எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனே அவற்றை ஏற்றுச் சூப்பர்ஆக்சைடாகிவிடுகிறது. பற்றாக்குறையும் மிகையும் இங்கே ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை.

இதற்கிடையே அழிந்த நெஃப்ரான்களின் வேலையை எஞ்சியவை தலைமேல் ஏற்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானும் முன்னைவிட மிகுதியாக வடிகட்டி, மிகுதியாக உப்பை மீட்டு, மிகுதியாக ஆக்சிஜனைச் செலவிடுகிறது. இந்த மிகையுழைப்பே எஞ்சியவற்றையும் அழிக்கிறது என்று ஹார்வர்டின் பேரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் எலிகளில் காட்டினார்கள். வீட்டில் உழைப்பவர் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் இரட்டிப்பாய் உழைத்துத் தாமும் படுக்கையில் விழுவதைப் போன்ற நிலை இது. தொடக்கக் காரணம் போன பின்னும் நோய் நில்லாமல் முற்றுவதன் விடையில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது.

மறுதட்டிலோ பாதுகாப்புகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஆக்சிஜனேற்றம் மிகும்போது அதை உணர்ந்து, அடக்கும் நொதிகளைச் செய்யும் மரபணுக்களை ஒரே வேளையில் எழுப்பும் காவலாகச் செல்லுக்குள் என்ஆர்எஃப்-2 என்னும் புரதம் இருக்கிறது. அமைதிக் காலத்தில் அதைக் கட்டிவைத்திருக்கும் துணைப்புரதத்தை ஜப்பானின் மசாயுகி யமாமோட்டோவின் குழு 1999-இல் கண்டறிந்தது. துகள்கள் பெருகினால் கட்டு தளர வேண்டும், காவல் எழ வேண்டும். ஆனால் சிறுநீரகத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்ட எலிகளில், ஆபத்து ஏறஏற இந்தக் காவல் சோர்ந்துபோவதைக் கலிஃபோர்னியாவில் என்.டி. வசீரியும் அவருடன் பணியாற்றியோரும் பதிவு செய்தனர்.

குடலின் பங்கு வியப்புக்குரியது. உணவுப் புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்ற, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக்குகிறது. நலமான சிறுநீரகம் இதை அன்றாடம் வெளியேற்றிவிடும். நோயுற்ற சிறுநீரகத்தில் தேங்கும் இப்பொருள், தன்னை வெளியேற்ற முயலும் நுண்குழல் செல்லுக்குள்ளேயே நுழைந்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. அதன் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸ் சவ்வின் துளைகளுக்குள்ளும் அகப்படுவதில்லை. குடலிலேயே அதன் மூலத்தை உறிஞ்சி எடுக்கும் கரித்துகள் மருந்து ஒன்று ஜப்பானில் 1991 முதல் பயன்பாட்டில் இருந்தாலும், பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு, நோய் முற்றுவதை அது தடுத்ததாகக் காட்டவில்லை.

இரத்தச் சோகையும் இந்தக் கணக்கில் சேரும். சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமப்பதோடு, குளூட்டாதயோன் முதலான தடுப்புப் பொருள்களையும் தாங்கிச் செல்லும் நடமாடும் காவலர்கள். எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சிறுநீரகம் சுரக்க முடியாமல் போய்ச் சிவப்பணுக்கள் குறையும்போது அந்தக் காவலும் குறைகிறது.

சேதம் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை என்பதே இந்நோயின் பெருங்கொடுமை. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுவதற்கு முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜனேற்றமடைந்த கெட்ட கொழுப்பு தமனிச் சுவரில் எளிதில் படிகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் கூடத் தன் காக்கும் இயல்பை இழந்துவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய பின் கழிவுகள் குறைந்தாலும் இந்தத் துன்பம் தீர்வதில்லை. செயற்கைச் சவ்வின்மேல் உராயும் வெள்ளணுக்கள் அதை அயற்பொருளாகக் கருதித் துகள்களை உமிழ்கின்றன; சோகைக்காக நரம்பில் ஏற்றும் இரும்பு, அளவு மீறினால், ஹைட்ராக்சில் பிறக்க வழி செய்யும்; வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் தடுப்புப் பொருள்கள் கழிவோடு சேர்ந்து வெளியேறுகின்றன. இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தால் உருக்குலைந்த புரதங்கள் மிகுந்திருப்பதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 1996-இல் அளந்து காட்டினார்கள். உயிரைக் காக்கும் சிகிச்சை தன்னளவில் ஒரு சுமையையும் ஏற்றுகிறது என்பதால், சவ்வின் தரத்திலும் நீரின் தூய்மையிலும் இரும்பின் அளவிலும் காட்டும் கவனம் நோயாளியின் ஆயுளைத் தொடும் கவனமாகும்.

இத்தனையும் தெரிந்த பின் எவருக்கும் தோன்றும் தீர்வு ஒன்றுதான்: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொருள்களைக் கொடுத்துவிடலாமே! மருத்துவ உலகும் அவ்வாறே எண்ணியது. இதய நோயும் உள்ள 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் இஸ்ரேலில் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ உட்கொண்டோருக்கு மாரடைப்பு முதலிய நிகழ்வுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதே ஆண்டு வெளிவந்த ஹோப் என்னும் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அதில் வைட்டமின் ஈ இதயத்துக்கு எந்த நன்மையும் செய்யவில்லை, பங்கேற்றோரில் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் அதே முடிவே கிடைத்தது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து 134 டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதய நிகழ்வுகளைக் குறைத்ததாக 2003-இல் செய்தி வந்தது. ஆனால் நோயைத் தடுக்கும் வழக்கமான மருந்தாக அது உயரவில்லை. சிறிய ஆய்வில் துளிர்த்த நம்பிக்கை பெரிய ஆய்வில் வாடுவது இத்துறையில் மீண்டும் மீண்டும் நடந்தது.

மிகப் பெரிய ஏமாற்றம் பார்டாக்ஸலோன் மெத்தில் என்ற மருந்தோடு வந்தது. வெளியிலிருந்து வைட்டமின் ஊட்டுவதை விட்டு, உறங்கும் என்ஆர்எஃப்-2 காவலை உள்ளிருந்தே எழுப்பிவிடும் அறிவார்ந்த முயற்சி அது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 227 பேரிடம் ஓராண்டு நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், வடிகட்டும் திறன் குறையாதது மட்டுமின்றி ஏறவும் செய்தது. தேய்வதை மெதுவாக்கும் மருந்துகளையே கண்டிருந்த மருத்துவர்கள், இழந்ததை மீட்கும் மருந்து வந்துவிட்டதோ என்று எதிர்பார்த்தனர். நோய் நான்காம் நிலையை எட்டிய 2185 பேரிடம் அடுத்த ஆய்வு தொடங்கியது. அது 2012 அக்டோபரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து உட்கொண்டோரில் 96 பேர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தனர் அல்லது இறந்தனர். வெற்று மாத்திரை பெற்ற குழுவில் அந்த எண் 55. உடலில் நீர் தேங்கியதே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். மருந்து பெற்றோரின் சிறுநீரில் ஆல்புமின் கசிவு கூடியிருந்ததும் கவனத்துக்கு உரியது. ஏறியதாகக் கண்ட வடிகட்டும் திறன் சிறுநீரகம் தேறியதன் அடையாளந்தானா என்ற கேள்வியை அது எழுப்பியது.

இந்தத் தோல்விகளிலிருந்து ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தே பொய் என்று முடிவு கட்டுவது தவறு. எங்கே, எந்தச் செல்லில், எந்தத் துகள் மிகுந்திருக்கிறது என்று பாராமல் உடல் முழுவதும் தடுப்புப் பொருளைக் கொட்டினால், கேடு செய்யும் துகளோடு செய்தி சொல்லும் துகளும் அழிகிறது. மேலும், சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு கலக்கும் வேகத்தோடு வைட்டமின் மாத்திரை எதுவும் போட்டியிட முடியாது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பது தமிழர் அடுப்படியில் கற்ற பாடம். சிறுநீரக மருத்துவத்தில் வெற்றி கண்ட மருந்துகள் யாவும், ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரே இல்லாமல், அந்த விறகைத்தான் பிடுங்கின.

ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் லோசார்ட்டான் என்ற மருந்து, நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் 1513 பேரிடம் முற்றிய செயலிழப்பின் அபாயத்தை 28 விழுக்காடு குறைத்ததை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது இரத்த அழுத்தத்தைக் குறைத்ததோடு, முடிச்சுக்குள் இருந்த இறுக்கத்தைத் தளர்த்தி, ஆக்சிடேஸ்களைத் தூண்டும் கையையும் கட்டிவிட்டது. அடுத்த பெருந்திருப்பம், சர்க்கரைக்கென்று வந்த ‘ஃபுளோசின்’ குடும்ப மருந்துகளால் ஏற்பட்டது. டாபாகிளிஃபுளோசின் பற்றி 4304 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் பெரிதும் சீர்கெடுதல், செயலிழத்தல், சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 14.5 விழுக்காடு, மருந்துக் குழுவில் 9.2 விழுக்காடு, நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இந்நன்மை கிட்டியது. நுண்குழலின் முதற்பகுதியில் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து மீட்கும் வாயிலை இம்மருந்து அடைத்துவிடுகிறது. சர்க்கரை சிறுநீரோடு போகிறது. முடிச்சின் மிகையழுத்தம் தணிகிறது. அப்பகுதியின் செல்களுக்கு இறைப்பு வேலையும் ஆக்சிஜன் செலவும் குறைகின்றன. ஓயாமல் உழைத்து ஓய்ந்துகொண்டிருந்த செல்லுக்குக் கிடைத்த ஓய்வு என்று இதைக் கொள்ளலாம்.

அன்றாட வாழ்வுக்கு இதிலிருந்து கிடைக்கும் வெளிச்சமும் இதே திசையில்தான் இருக்கிறது. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளில் பல, அகணிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கும் சுரப்புகளைத் தடுத்துவிடுகின்றன. குடத்துத் தண்ணீரில் பிழைக்கும் வீட்டின் குடத்திலேயே ஓட்டை போடுவதற்கு ஒப்பானது அது. புகையிலைப் புகை ஒவ்வொரு இழுப்பிலும் ஃப்ரீ ரேடிக்கல்களை நேரடியாக உள்ளே கொண்டு வருகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மிகுந்த சாப்பாடு இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு, அழுத்த மருந்துகளின் பயனையும் குறைக்கிறது.

‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற விளம்பர வாசகத்தைச் சிறுநீரக நோயாளிகள் ஐயத்தோடு அணுக வேண்டிய காரணமும் இங்கே விளங்கும். பெரிய அளவில் உட்கொள்ளும் வைட்டமின் சி, உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடும். நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளுக்கு உயர் அளவில் பி வைட்டமின்களைக் கொடுத்துக் கனடாவில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், மாத்திரை உட்கொண்டோரின் சிறுநீரகமே விரைவாகத் தேய்ந்தது. நலமானவர்களுக்கு நன்மை தரும் இளநீரும் பழச்சாறும், பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத முற்றிய நிலையில் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நோயின் தொடக்க நிலைகளில் காய்கறியும் பழமும் நிறைந்த உணவு பெரும்பாலோருக்கு நல்லதே. எந்த நிலையில் எதைக் குறைக்க வேண்டும் என்பதை இரத்தத்தின் பொட்டாசிய அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளந்து சிகிச்சையை முடிவு செய்ய உதவும் எளிய இரத்தப் பரிசோதனை இன்றைய மருத்துவமனைகளில் வழக்கில் இல்லை. ஆய்வுக்கூடங்களில் அளக்கும் பொருள்கள் நிலையற்றவை, உணவுக்கும் உறக்கத்துக்கும் ஏற்ப மாறுபவை. ஆனால் போடோசைட்டுகளின் வேலி பெயரத் தொடங்கியதைக் காட்டும் சோதனை ஒன்று ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதற்குத் தேவைப்படுவது சிறிதளவு சிறுநீர் மட்டுமே. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் அதில் இருந்து, மறுமுறைச் சோதனையிலும் அவ்வாறே இருந்தால், கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கசிவு தொடங்கிவிட்டது என்று அறியலாம். இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட நாளிலேயே இச்சோதனையைச் செய்து, பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன, முற்றிய நோயாளிகளுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளும் போகின்றன. அந்த மாத்திரைக்கும் அந்தப் பைக்கும் இடையே பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கின்றன. ஆல்புமின் சோதனை கசிவைக் காட்டிக்கொடுப்பதும், லோசார்ட்டானும் ஃபுளோசினும் தேய்வின் வேகத்தைக் குறைப்பதும் அந்த ஆண்டுகளுக்குள்தான்.